கதவைத் தட்டிய மூவர்

கொடைக்கானல் சென்று வந்தோர் ஏரியைப் பற்றிப் பேசுவர். படகு விட்டதைப் பேசுவர். தூண் பாறையை மேகம் வந்து மூடியதையும், மூடிய மேகம் விலகியதையும் பேசுவர். பேரிக்காயும் பூண்டும் தைலப் புட்டியும் வாங்கிவந்து நமக்கும் கொடுப்பர். குளிர்ந்த மலை, கொழிக்கும் வளம், கோடையை மறக்கச் செய்யும் கொடை! மறுக்கவில்லை நாம். ஆனால் அந்த மலையிலே ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டிலே, 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், 89 வயது நிரம்பிய மூதாட்டி ஒருவர் கண்மூடினார். அதைப் பேசுவோர் அரிது.

ஹில்டாப் என்பது அந்த வீட்டின் பெயர். ஐடா சோபியா ஸ்கடர் என்பது அந்த மூதாட்டியின் பெயர். வேலூர் மருத்துவமனை என்றால் தமிழகத்தில் அறியாதார் இல்லை. வடக்கே வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வண்டி ஏறி வருகிறார்கள். அந்த மருத்துவமனைக்கு வித்திட்டவர் இவர். வாழ்நாளெல்லாம் வேலூர் வெயிலிலே வெந்தவர், ஓய்வு பெற்ற பின் பழனி மலைத்தொடரின் உச்சியிலே ஒதுங்கினார்.

அந்த அம்மையாரின் வாழ்க்கையை இன்று நாம் எடுத்துரைக்கப் புகுவது புகழ்மாலை சூட்ட அல்ல. மாலைக்கு அவர் ஏங்கியவரும் அல்லர். ஒரு கேள்விக்கு விடை தேடியே புறப்படுகிறோம். கொள்ளை நோய் வந்தால், புயல் வந்தால், பஞ்சம் வந்தால், நாட்டைக் காப்பது எது? நல்லவர் ஒருவரின் நெஞ்சமா? நாள்தோறும் இயங்கும் அரசின் ஏற்பாடா? இந்தக் கேள்விக்கு ஐடாவின் வாழ்வு தரும் விடை, தோழர்கள் பலர் எதிர்பாராத விடை.

முதலில் அந்த மலையின் கதையைக் கேளுங்கள். கொடைக்கானல் ஊர் பிறந்ததே ஒரு நோயச்சத்தால்தான். யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கப் பாதிரிமார், காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம் பிள்ளைகளையும் துணைவியரையும் பறிகொடுத்தனர். கல்லறைகள் பெருகக் கண்டு கலங்கியவர்கள், குளிர்ந்த இடம் தேடி மலையேறி, 1845இல் அங்கே இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டனர். அதுதான் தொடக்கம். பின்னர் துரைமார் வந்தனர், 1863இல் ஓடைகளைத் தேக்கி ஏரி ஆக்கினர், பங்களாக்கள் எழும்பின. வெள்ளையருக்கு அந்த மலை, நோய்க்காலத்துக்கென்று முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்ட ஏற்பாடு!

மோட்டார் செல்லும் பாதை வராத காலம் அது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. அவர்கள் எப்படி ஏறினார்கள்? டோலியிலும் நாற்காலியிலும் அமர்ந்து ஏறினார்கள். தூக்கியவர் யார்? நம்மவர்! காய்ச்சலுக்குத் தப்பி மேலே போனவர் தோளின்மீது இருந்தார். தோள் கொடுத்தவர் சுமையை இறக்கிவிட்டு, காய்ச்சல் காத்துக்கிடந்த கீழ்நாட்டுக்கே திரும்பி நடந்தார். ஏற்பாடு இருந்தது, எல்லோருக்கும் இல்லை. தோழர்களே, இந்த ஒரு காட்சியை மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லப்போகும் செய்தி முழுவதும் இதற்குள் அடங்கிக் கிடக்கிறது.

ஐடா பிறந்தது 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், இராணிப்பேட்டையில். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலே மருத்துவம் பார்த்த பாதிரியார். அவர் மக்கள் எழுவரும் அதே பணியில் இந்தியாவுக்கு வந்தனர். அவர்களில் ஒருவர் ஐடாவின் தந்தை. ஐந்து அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே பெண் ஐடா.

பெண்ணுக்கு ஆறு வயது. தாது வருஷப் பஞ்சம் வந்தது! 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பஞ்சம். பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புளியங்கொட்டையும் கிழங்கும் தேடி அலைந்த கதையைச் சொல்லியிருப்பார்கள். மாண்டோர் 50 இலட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. பசியால் துவண்ட பிள்ளைகள் பாதிரியார் வீட்டு வாயிலில் வரிசையாய் நிற்க, தன் வயதே உள்ள அந்தப் பிஞ்சுகளின் வாயிலே ரொட்டியைப் பிட்டு ஊட்டியது ஐடாவின் சின்னக் கை. அந்தக் கை பார்த்த முதல் வேலை அது.

அப்போது அரசு என்ன செய்தது? ரிச்சர்டு டெம்பிள் என்ற துரையை அனுப்பியது. பஞ்சம் தீர்க்க அல்ல, பணத்தை மிச்சம் பிடிக்க! நிவாரண முகாமிலே நாள் முழுதும் கல்லுடைத்து மண் சுமப்பவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். அந்த அளவு உயிரைப் பிடித்து வைக்காது, உடலைச் சுட்டெரிக்கும் என்று எதிர்த்து எழுதியவர் ஒருவர் உண்டு. புரட்சிக்காரரா? இல்லை! சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற வெள்ளைக்கார மருத்துவர். அரசுக்குள்ளேயே இருந்துகொண்டு, எலும்பை எண்ணிப் பார்த்து, இது தகாது என்று சொல்ல ஒரு சுகாதாரத் துறை இருந்தது. கோல் கையில் இருந்தவனுக்குக் கணக்குப் புத்தகம் தெரிந்தது. சுகாதாரத் துறைக்குத்தான் மனிதனின் விலா எலும்பு தெரிந்தது. ஆபத்துக் காலத்தில் அந்தத் துறையின் சொல் அம்பலம் ஏறுகிறதா, ஏறவில்லையா என்பதிலே இலட்சம் உயிர்கள் ஊசலாடுகின்றன.

பஞ்சம் ஓய்ந்தது. ஐடா குடும்பத்தாருடன் அமெரிக்கா சென்றார், அங்கேயே படித்தார். பெற்றோர் இந்தியா திரும்பிய பின்னும் அவர் அங்கே தங்கினார். இந்தியா என்றாலே அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. புழுதி, பசி, புலம்பல்! அவர் கண்ட இந்தியா அதுதானே! 1890இல் தாயார் நோயுற்றார் என்று சேதி வர, கொஞ்ச காலம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் எண்ணத்துடன் வந்தார். தந்தையார் அப்போது திண்டிவனத்திலே மருத்துவம் பார்த்து வந்தார்.

அங்கேதான் அந்த இரவு வந்தது.

கதவைத் தட்டினான் ஒருவன். அந்தணன். இளம் மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், வாருங்கள் என்று அழைத்தான். தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தைக்குத் தெரியும், அவரை அழைத்துப் போகலாம் என்றார் ஐடா. அந்நிய ஆடவன் என் மனைவியைப் பார்ப்பதா, அதைவிட அவள் சாவதே மேல் என்று கூறிவிட்டு, வந்தவன் இருளிலே மறைந்தான். மீண்டும் தட்டல். இஸ்லாமியர் ஒருவர். அதே வேதனை, அதே மறுப்பு. மூன்றாம் முறையும் தட்டல். உயர்சாதி இந்து வீட்டார் ஒருவர். அதே கதை, அதே முடிவு! உறங்கவில்லை ஐடா. பொழுது புலர்ந்தது. பறையொலி கேட்டது. ஆளனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் மாண்டிருந்தனர்.

கைக்கெட்டும் தூரத்திலே மருத்துவர் இருந்தார், கருவி இருந்தது, மருந்து இருந்தது. வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவள் சாகட்டும், வழக்கம் வாழட்டும் என்றது வைதிகம்! மதம் வேறு, சாதி வேறு, வாயில் வேறு. ஆனால் பெண்ணின் உயிர் என்று வந்தபோது மூன்று வாயிலிலும் ஒரே பூட்டு. பழமைக்குச் சாதி பேதமே இல்லை போலும்!

அந்த இரவைப் பலர் ஆண்டவன் அழைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். ஐடா அம்மையாரும் அப்படித்தான் நம்பினார். அந்த நம்பிக்கை அவருக்குரியது; அதிலே நாம் தலையிடவில்லை. நம் கண்ணுக்குப் படுவது வேறு. அந்த இரவிலே இல்லாமற் போனது கருணை அல்ல; பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி. ஐடாவுக்கு மனம் இருந்தது, கல்வி இல்லை. மனம் மட்டும் இருந்தால் மரணத்துக்கு அஞ்சலி செலுத்தலாம். மரணத்தைத் தடுக்க முடியாது. இதை அந்த இருபது வயதுப் பெண் உணர்ந்தாள். உணர்ந்த மறுகணமே முடிவு செய்தாள்.

அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் தொகுதியிலே ஒருவராக 1899இல் பட்டம் பெற்றார். ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர், மறைந்த தம் மனைவி நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1900இல் வேலூருக்கு வந்தார் ஐடா. வந்த சில மாதங்களில் தந்தை மறைந்தார். துணை நிற்க மருத்துவர் எவரும் இல்லை. ஒரு சிற்றறைதான் மருந்தகம். வீட்டிலே வேலை பார்த்தவரின் மனைவிதான் உதவியாள். அந்த எளிய பெண்ணே கட்டுப் போடவும் கருவி எடுத்துக் கொடுக்கவும் கற்றுக்கொண்டார். இரண்டே ஆண்டுகளில் அந்த அறையிலே 5,000 நோயாளிகள் வைத்தியம் பெற்றார்கள்! 1902இல் 40 படுக்கை கொண்ட பெண்கள் மருத்துவமனை எழுந்தது.

காலம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1896இல் பம்பாயிலே இறங்கிய பிளேக் நோய், இரயில் ஏறி நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது தின்ற உயிர் கோடியைத் தாண்டியது. 1897இல் வெள்ளையர் அரசு தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று செய்தது. நான்கே நான்கு பிரிவுகள். வீட்டுக்குள் நுழையலாம், இரயிலை நிறுத்திச் சோதிக்கலாம், மீறினால் தண்டிக்கலாம். அதிகாரம் உண்டு, ஆஸ்பத்திரி கட்டும் கடமை அதிலே இல்லை. பட்டாளத்தான் வந்து கதவை உடைத்தான். மக்கள் நோயாளியை மறைத்தார்கள். மறைத்த வீட்டிலிருந்து நோய் மறுவீடு தாண்டியது. அதே 1897இல் ஹாஃப்கின் என்ற அறிஞர் பம்பாயிலே பிளேக் தடுப்பு மருந்து கண்டு, முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டார். மருந்து வந்தது, நம்பிக்கை வரவில்லை! உடைக்கப்பட்ட கதவுக்குப் பின்னால் இருப்பவன், உடைத்தவன் நீட்டும் ஊசியை எப்படி நம்புவான்?

ஐடா பிளேக்கோடும் வாந்திபேதியோடும் தொழுநோயோடும் போராடியபோது கையாண்ட வழி வேறு. நோய் வருமுன்பே, சாதாரண நாளிலேயே, அந்த வீட்டின் பிரசவத்துக்குப் போனவர் அவர். பிள்ளையின் கண்ணோய்க்கு மருந்திட்டவர் அவர். ஆகவே கொள்ளை நோய் வந்த நாளில் அவர் வந்து தட்டினால் கதவு திறந்தது. அவசர காலத்துக்கு வேண்டிய முதல் மூலதனம் பணம் அல்ல, படை அல்ல. அமைதி நாளிலே சம்பாதித்த நம்பிக்கை! ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலி காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கும்போதெல்லாம், நாளைய கொள்ளை நோய்க்கான தற்காப்பைச் செய்துகொண்டிருக்கிறாள். அது தெரியாதவர்கள்தான் நோயாளி வரவில்லையே, நிலையம் எதற்கு என்று கணக்குப் பேசுவர்.

மருத்துவமனைக்கு வர முடியாதவன் கதி என்ன? வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையிலே, வண்டி கண்ட இடமெல்லாம் மக்கள் கை காட்டி நிறுத்தினார்கள். மாட்டு வண்டியிலே போனார். பின்னர், 1909இல் ஒரு சிறு பீஜோ மோட்டார் கிடைக்க அதிலே போனார். மரத்தடியே மருத்துவமனை! வாரந்தோறும் குறித்த நாள், குறித்த மரம். இன்று மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் தொடங்கித் தமிழகம் நடத்தும் திட்டத்தைப் பாராட்டுகிறோமே, அந்த எண்ணத்தின் நாற்றங்கால் அந்தச் சாலையோரத்துப் புளியமரங்கள்!

இவ்வளவும் செய்தபின் வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? சிலை வைக்க இடம் பார்த்திருப்பார்! ஐடா உட்கார்ந்து எண்ணினார். தான் ஒருத்தி. கை இரண்டு. வாயிலில் நிற்பவரோ ஆயிரம். ஒருத்தியால் ஆகாது, ஒரு படை வேண்டும். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று அரசு மருத்துவத் தலைமை அதிகாரியை அணுகினார். மனுப்போட ஆறு பெண்களாவது கிடைத்தால் தொடங்குங்கள் என்பது போல அலட்சியமாக அனுமதி தந்தனர். 1918 ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது 17 பெண்கள் வந்து அமர்ந்தனர்! அந்த ஆண்டுதான் விஷக்காய்ச்சல் உலகையே வாரிச் சுருட்டியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் மாண்டனர். அந்தச் சாவுக் காற்று வீசிய வேளையிலே, பெண்கள் அமர்ந்து உடற்கூறு படித்தனர். 1922இல் பதினால்வர் மருத்துவராய் வெளிவந்தனர். பெண்ணுக்கு மூளை உண்டா என்று கேட்டோர் வாய் அடைத்தது. திண்டிவனத்து மூன்று பிணங்களுக்கு அந்தப் பதினால்வர்தான் பதில்.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி மீண்டும் தலை நீட்டுகிறது.

வேலூரின் வளர்ச்சிக்கு அமெரிக்கப் பெண்கள் சில்லறை சேர்த்து அனுப்பினர். செல்வர் வாரி வழங்கினர். ஐடா ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். 1938இல் சென்னை அரசு, இனிச் சிறுபட்டயப் படிப்பு கூடாது, பல்கலைக்கழகப் பட்டப் படிப்பே வேண்டும் என்று விதித்தபோது, பள்ளியே மூடிவிடும் ஆபத்து வந்தது. எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மையார் மீண்டும் அமெரிக்கா சென்று, போர்க்காலத்திலே, படியேறிப் படியிறங்கிக் கை நீட்டினார். 1942இல் பட்டப் படிப்புத் தொடங்கியது. விடுதலைக் காலத்தை ஒட்டி ஆண்களுக்கும் கதவு திறந்தது. வெற்றிதான்! ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஒரு நாட்டின் நோய்க்கு, கடல் கடந்த ஒரு நாட்டின் உண்டியல் எத்தனை நாள் மருந்து வாங்கும்? வேலூருக்கு ஒரு ஐடா கிடைத்தார். மற்ற ஊர்களுக்கு? கொடைமலைச் சரிவிலே குடியிருக்கும் பளியருக்கு யார் கிடைத்தார்?

ஊருக்கு ஒரு ஐடா பிறக்கமாட்டார். ஊருக்கு ஒரு சுகாதார நிலையத்தை அரசு கட்டலாம்!

அந்த எண்ணம் இந்த மண்ணிலே முளைத்த வரலாறு நம் இளைஞருக்குத் தெரிய வேண்டும். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் மாகாண அமைச்சரின் கைக்கு வந்தன. 1920இல் நீதிக்கட்சி பதவி ஏற்றது. அந்தப் பத்தாண்டிலே சென்னை மாகாணத்தில் மாவட்டந்தோறும் சுகாதார அதிகாரி என்ற ஏற்பாடு வேரூன்றியது. பின்னர் 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவிலே அப்படி ஒரு முழுமையான சட்டம் முதலில் கண்டது நம் மாகாணம்தான். அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். ஆனால் என்ன, நல்லதை நல்லது என்போம்! குடிநீர், சாக்கடை, தொற்றுநோயை மறைக்காமல் அறிவிக்கும் கடமை, தனிமை மருத்துவமனை, சுகாதார அதிகாரியின் பொறுப்பு என்று எழுதி வைத்தது அந்தச் சட்டம். 1897 சட்டம் கையிலே தடியைக் கொடுத்தது. 1939 சட்டம் தலையிலே கடமையைச் சுமத்தியது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை, பட்டாளத்துக்கும் மருத்துவமனைக்கும் உள்ள வேற்றுமை.

பின்னர் போர் கமிட்டி 1946இல் அறிக்கை தந்தது. நம் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அதிலே ஓர் உறுப்பினர். அதன் வழியிலே ஆரம்ப சுகாதார நிலையங்கள் முளைத்தன. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைநாட்டில் 20,000 பேருக்கு ஒன்று என்பது பின்னாளில் வகுத்த அளவு. மலையிலே ஏன் குறைவு? தொலைவைத் தலைக்கணக்கால் அளக்க முடியாது என்பதால்!

அப்படியானால் வேலூர் போன்ற நிலையங்கள் வேண்டாமா? அப்படிச் சொல்வது அறிவுடைமை அல்ல. இரண்டும் கைகோத்தால் என்ன விளையும் என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்லுவோம். 1980களில் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்திலே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அறிஞர்கள் அரசு மருத்துவமனைகளையும் தனியார் மருத்துவர்களையும் சேர்த்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். கருவி என்ன தெரியுமா? அஞ்சலட்டை! தொற்றுநோய் என்று ஐயப்படும் நோயாளி வந்தால் ஒரு கார்டு எழுதிப் போட வேண்டும். கார்டுகள் ஓரிடத்தில் குவியும். எந்த ஊரில் எந்த நோய் தலைகாட்டுகிறது என்று தெரியும். சுகாதாரத் துறை அங்கே ஓடும். கோடி ரூபாய் இயந்திரம் இல்லை, காலணாச் சிக்கனம்! ஆனால் எரியும் வீட்டை அணைப்பதற்கும், புகையும்போதே தண்ணீர் ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த அட்டையிலே இருந்தது.

மற்றொரு சான்று 1986. இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை, அது மேல்நாட்டார் நோய் என்று பெரியவர்கள் பெருமை பேசிக்கொண்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியிலே பணியாற்றிய சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பலரின் இரத்தத்தைச் சேகரித்தனர். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. வேலூருக்குக் கொண்டு போயினர். ஆறு பேரிடம் கிருமி இருந்தது. இந்தியாவின் முதற் கண்டுபிடிப்பு! அரசுக் கல்லூரியின் விழிப்பும் ஐடா வித்திட்ட நிலையத்தின் கருவியும் சேர்ந்தன, நாடு விழித்தது. கண்டுபிடித்தவர் இருவரும் பெண்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்துக் கதவு எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது, பார்த்தீர்களா!

திறந்த கதவை மூடவும் ஆள் உண்டு. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 முதல் இருப்பது. கிண்டியிலே காசநோய்த் தடுப்பு மருந்துக் கூடம் 1948இல் வந்தது. இரண்டும் அரசுக்குச் சொந்தம். இரண்டும் தமிழ் மண்ணில். 2008இல் மைய அரசு, தரமுறை போதவில்லை என்று காரணம் காட்டி, இவ்விரண்டும் கசௌலியில் உள்ள ஒன்றுமாக மூன்று நிலையங்களின் உரிமத்தை நிறுத்தி வைத்தது. ஓட்டையான கூரையைச் செப்பனிடுவார்களா, வீட்டையே பூட்டுவார்களா? கூக்குரல் எழுந்தபின் 2010இல் உரிமம் மீண்டது. செங்கற்பட்டிலே பலநூறு கோடி செலவிட்டுக் கட்டிய தடுப்பூசி வளாகம், 2021இல் பெருந்தொற்று உயிர் குடித்தபோதும் ஒரு குப்பி மருந்து தராமல் உறங்கியது. குத்தகைக்கேனும் கொடுங்கள், நாங்கள் இயக்குகிறோம் என்று மாநில அரசு கேட்டது. அந்த நெருக்கடி தீருமளவும் அங்கே ஊசி மருந்து பிறக்கவில்லை. பொதுச் சுகாதாரம் மாநிலத்தின் பொறுப்பு என்கிறது அரசியல் சட்டம். ஆபத்து வந்த நாளிலோ ஆணை டில்லியிலிருந்து வருகிறது. பொறுப்பு இங்கே, பூட்டும் சாவியும் அங்கே! இது கட்சிப் பேச்சல்ல தோழர்களே, சாவுக் கணக்கு.

மீண்டும் மலைக்குப் போவோம். அங்கே ஒரு தொழிற்சாலை இருந்தது. காய்ச்சலை அளக்கும் கருவி, தெர்மாமீட்டர் செய்யும் தொழிற்சாலை. 2001இல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையிலே கண்டெடுக்கப்பட, போராட்டம் எழுந்து, ஆலை மூடப்பட்டது. எங்கள் உடல் கெட்டது என்றனர் தொழிலாளர். இல்லை என்றது நிறுவனம். பதினைந்து ஆண்டு போராடி, 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளரோடு உடன்பாடு ஏற்பட்டது. உலகின் காய்ச்சலை அளந்த கைகளின் நோயை அளக்க ஆளில்லை! அவசர நிலை என்பது புயல்போல ஓசையோடு மட்டும் வருவதில்லை. ஆலைக்குள்ளே, மூச்சோடு மூச்சாய், ஓசையின்றியும் வரும். உழைப்பவன் உடலை ஆண்டுதோறும் சோதித்து ஏட்டிலே எழுதி வைக்கும் ஒரு பொது ஏற்பாடு இருந்திருந்தால், பதினைந்து ஆண்டுப் போராட்டத்துக்கு வேலை ஏது?

2018 நவம்பரிலே கஜா புயல் கடலோரத்தைச் சிதைத்து உள்நாடு புகுந்து, கொடைமலையையும் உலுக்கியது. மரம் சாய்ந்து பாதை அடைத்தது, மின்சாரம் அறுந்தது. மலையிலே பாதை அறுந்தால், கீழே எத்தனை மருத்துவக் கல்லூரி இருந்து என்ன பயன்? மேலே மருந்து இருக்க வேண்டும், மேலே மருத்துவர் இருக்க வேண்டும், மேலே இரத்தம் இருக்க வேண்டும். வெள்ளகவி போன்ற மலையூர்களிலிருந்து நோயாளியைக் கம்பிலே தூளி கட்டித் தூக்கி இறங்கிய செய்தி நாம் படித்ததுதான். அன்று துரையைத் தூக்கி மேலே ஏறினான். பின்னர் தன் தாயைத் தூக்கிக் கீழே இறங்கினான். தோள் மாறவில்லை!

2020இல் பெருந்தொற்று வந்தது. நாடெங்கும் அந்தப் பழைய 1897 சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஆனால் தமிழகத்தில் மக்களைக் காத்தது அந்தத் தடியல்ல. பல ஆண்டாகக் கட்டி எழுப்பிய தனிப் பொதுச் சுகாதாரத் துறை, 1994இல் அமைத்த மருந்துக் கொள்முதல் கழகம், 2008இல் ஓடத் தொடங்கிய 108 வண்டி, ஊர்தோறும் இருந்த செவிலி. இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அந்த நெருக்கடியில் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்ட செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு காலம் முடிந்தது என்று அனுப்பப்பட்டுத் தெருவிலே நின்று போராடினர். தீ அணைந்ததும் தீயணைப்பு வண்டியை விற்பவன் அறிவாளியா? நம் அரசாயினும் சுட்டுவோம். சுட்டாவிட்டால் நாம் எழுதுகோல் பிடிப்பதிலே பொருள் இல்லை.

ஐடா அம்மையார் கண்மூடியது கொடைமலையில் என்றோம். நோய்க்கு அஞ்சி ஓடியவர்கள் கட்டிய ஊரிலே, நோயைத் தேடிப் போனவர் வந்து ஓய்வெடுத்தார். அவர் கருணை மிக்கவர் என்பதோடு நின்றால் அவரை நாம் பாதிதான் அறிந்தோம். கருணை போதாது என்று கண்டு, அதைப் பள்ளியாக, படையாக, நடைமுறையாக மாற்றியதே அவர் பெருமை. தனி ஒருவரால் இயன்ற எல்லைவரை நடந்தார். அந்த எல்லைக்கு அப்பால் நடக்க வேண்டியது அரசு.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. திண்டிவனத்து இரவிலிருந்து இந்த எண்ணுக்கு நாம் நடந்திருக்கிறோம், பெருமைதான். ஆனால் எஞ்சியிருக்கும் அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவான தாய்மார் யார்? எந்த மலையிலே, எந்தப் பாதை அற்ற ஊரிலே அவர்கள் இருக்கிறார்கள்?

தோழர்களே! உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். நோயாளியாகப் போக வேண்டாம், சொந்தக்காரனாகப் போங்கள். மருத்துவர் இடம் நிரம்பி இருக்கிறதா? பாம்புக்கடி மருந்து பெட்டியில் இருக்கிறதா? மின்சாரம் நின்றால் ஊசி மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வழி உண்டா? வண்டி எத்தனை நாழிகையில் வரும்? கேளுங்கள். இல்லையென்றால் எழுதுங்கள், மன்றத்திலே பேசுங்கள். ஆபத்து வந்தபின் கேட்பது ஒப்பாரி. வருமுன் கேட்பதே உரிமை.

அந்த மூவர் இன்னும் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இம்முறை அவர்கள் தட்டுவது பாதிரியார் வீட்டுக் கதவை அல்ல. அரசின் கதவை. அதைத் திறந்தே வைத்திருக்கும் பொறுப்பு, நம் கையில்!